பின்வரிசைப் பெயரடைகள்

ஆங்கிலத்தில் பெயரடை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் கைகட்டி நிற்கவேண்டும். சிவப்பு ரோஜாவானாலும் சரி, ஏழைக் குமாஸ்தாவானாலும் சரி, விதி ஒன்றுதான். பதவி, சட்டம் என்று வந்துவிட்டால் விதி தளரும். அட்டர்னி ஜெனரல், நோட்டரி பப்ளிக், கோர்ட் மார்ஷல்: இவற்றில் பெயரடை பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

காரணம் பழைய கதை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த சில நூற்றாண்டுகளுக்கு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சின் ராஜ்ஜியம். பெயரடையைப் பின்னால் வைப்பது அந்த மொழியின் வழக்கம். 1730களில், நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில்தான் என்று சட்டமே போட்டார்கள். பிரெஞ்சு போயிற்று, ஜெனரல் நாற்காலியை விடவில்லை.

கூத்து பன்மையில் தொடங்குகிறது. அட்டர்னி இருவரானால் 'அட்டர்னிஸ் ஜெனரல்' என்பதே சுத்தம். 'ஸ்' வால் ஜெனரலில் ஒட்டினால் இலக்கண வாத்தியார்களுக்கு ரத்தக்கொதிப்பு. (தொலைக்காட்சிக்காரர்கள் தினமும் ஒட்டுகிறார்கள்.) ராணுவத்திலோ 'மேஜர் ஜெனரல்ஸ்' என்பதே சரி. அந்தப் பதவி முன்பு 'சார்ஜென்ட் மேஜர் ஜெனரல்'; அதிலும் ஜெனரல் வெறும் பெயரடைதான். கையில் படை வந்ததும் அது பெயர்ச்சொல்லாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. வாத்தியார்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.