மேட்டூரிலிருந்து வந்த தண்ணீர் மாடியிலிருந்து இறங்காதா?

கேள்வி: குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்றே தெரியாது. வந்த அன்று மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். ஆனால் ஷவரைத் திறந்தால் நூல் நூலாகத்தான் விழுகிறது. என்ன வழி?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மேட்டூரிலிருந்து உங்கள் தெரு வரை வந்துவிட்ட காவிரி, மொட்டைமாடியிலிருந்து தலைக்கு இறங்கத்தான் தயங்குகிறாள்! அவளுக்கு உயரம் வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். தொட்டி மாடித் தரையிலேயே உட்கார்ந்திருந்தால், ஷவருக்கு மேல் ஒன்றரை மீட்டர் தேறினாலே அதிகம்.

செலவுக்கு முன் ஷவர் தலையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் குற்றவாளி கையிலேயே இருக்கிறான். தொட்டியில் போர் தண்ணீரும் ஏற்றுகிறீர்கள் என்றால், அதன் உப்பு துளைகளில் வெள்ளை ஏடாகப் படிந்திருக்கும். இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்து, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

அப்போதும் நூல்தானா? தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் ஒரு அங்குலமாக மாற்றுங்கள். காற்று அடைக்காமலிருக்க, அந்தக் குழாயில் தொட்டிக்கு வெளியே ஒரு காற்றுக்குழாய் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் தொட்டியை ஸ்டாண்டு வைத்து உயர்த்துங்கள். கொத்தனாரிடம் தளம் தாங்குமா என்று கேட்ட பிறகு. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை!

பிரஷர் பம்ப் கடைசி வழி. அதையும் தொட்டிக்குப் பிறகே பொருத்துங்கள். தெருக்குழாயில் மட்டும் மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். குழாய் விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும், அடுத்த வீட்டுக் குடமும் காலியாக நிற்கும்.