மாப்ளே, சோபாவை நாய்க்குக் குடு

மாப்ளே, கென்ட் பக்கம் பழைய காலத்து வீடு ஒண்ணு வாங்கிட்டியாம். உள்ளே முழுக்க அசல் இங்கிலீஷ் பாணியில ஜோடிக்கப் போறியாம். இதைச் சொல்லும்போதே உன் அம்மா கழுத்து ஒரு சாண் ஒசந்துருச்சு. ரொம்ப சந்தோசம். சோபாவுலேர்ந்து சுவத்துக் காகிதம் வரைக்கும் ஒரே வாரத்துல வாங்கி எறக்கிடலாம்னு திட்டமாமே, அங்கதான் மாமன் குறுக்க விழ வேண்டியிருக்கு. ஆயுசு பூரா ஜவுளிக்கடையில துணி கிழிச்சவன் சொல்றேன், காதுல வாங்கிக்க.

வாங்காதே. அந்த ஊருப் பெரிய வீட்டுக்காரன் சாமான் வாங்க மாட்டான். தாத்தன் செத்தா அதுவா வீட்டுக்கு வரும். மைக்கேல் ஹெசல்டைன்னு ஒரு மனுசன், பத்திரிகைத் தொழில்ல கோடி கோடியாச் சம்பாரிச்சு, துணைப் பிரதமர் வரைக்கும் போனவர். தன் வீட்டு மேசை நாற்காலியைத் தானே காசு குடுத்து வாங்கவேண்டியதாப் போன ஆளுன்னு அவரைச் சொந்தக் கட்சிக்காரங்களே நக்கலடிச்ச சங்கதி அதே கட்சி ஆலன் கிளார்க் நாட்குறிப்புல இருக்கு. அவருக்கே அந்தக் கதின்னா, தவணையில சோபா எடுக்குற நீ எந்த மூலைக்கு?

தாத்தனுக்கு எங்கே போவேன்னு கேப்பே. உன் தாத்தன் விட்டுட்டுப் போனது ஒரு சாய்வு நாற்காலியும் நாலு பித்தளை அண்டாவும். அதுக்கும் வழி இருக்கு. இங்கிலீஷ் கிராமத்து மாளிகைப் பாணின்னு உலகமே இன்னிக்குக் கொண்டாடுதே, அதை இங்கிலீஷ்காரனுக்கு ஒழுங்கு பண்ணிக் குடுத்ததுல பெரும்பங்கு ஒரு அமெரிக்காக்காரிக்கு. நான்சி லங்காஸ்டர்னு பேரு, வர்ஜீனியாவுல பொறந்தவ. 1940-கள்ல லண்டன்ல ஒரு அலங்காரக் கம்பெனியை வாங்கி, அலங்காரக்காரர் ஜான் ஃபவுலரோட சேர்ந்து நடத்துனா. அவங்க பாணியோட சூட்சுமமே எதுவும் புதுசாத் தெரியக்கூடாது, ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேரக்கூடாதுங்கறதுதான். புதுத் திரைச்சீலையைத் தேயிலைத் தண்ணியில முக்கி மங்கடிக்கிற வித்தை அங்க உண்டு. நீயும் அப்படியே பண்ணு. சோபாவை வாங்கித்தான் தீருவேன்னா, மொத ஆறு மாசம் நாயை அதுல படுக்க விடு. அது பிறாண்டி முடிச்ச பொறவு நீ உக்காரு. வர்றவன் பாத்துட்டு, பரம்பரைக் குடும்பம்னு மரியாதையா எழுந்து நிப்பான்.

சோபாவுக்கும் ஜன்னலுக்கும் பூப்போட்ட சீட்டித்துணி போடணும்னு ஆசைப்பட்டியாமே, மீட்டர் இத்தனை பவுண்டுன்னு. அது எங்கேருந்து போச்சு தெரியுமா? பழவேற்காடு, மசூலிப்பட்டினம்னு நம்ம சோழமண்டலக் கரையிலேருந்து கப்பல் ஏறுனது. வெள்ளைத் துணியைக் கடுக்காய்த் தண்ணியிலயும் எருமைப்பாலுலயும் ஊறவச்சுக் காயவச்சு, மூங்கில் எழுதுகோலால படிகாரக் கரைசலைத் தொட்டுப் பூ வரைவான் நம்மாளு. வரையும்போது செவப்பு கண்ணுக்குத் தெரியாது. சாயவேர் கொதிக்கிற அண்டாவுல முக்குனாத்தான் படிகாரம் பட்ட எடமெல்லாம் செவந்து வரும். பொறவு நீலம் வேண்டாத எடம் பூரா மெழுகு பூசி, அவுரித் தொட்டியில எறக்குவான். பச்சை எலைக்கு நீலத்து மேல மஞ்சளைத் தீட்டுவான். அந்த மஞ்சள் ஒண்ணுதான் நாளாவட்டத்துல ஓடிப்போகும். அதனாலதான் பழைய துணியில எலையெல்லாம் நீலமா நிக்கும். மத்தபடி எத்தனை தொவைச்சாலும் சாயம் போகாது.

இதைப் பாத்து அந்த ஊருப் பொம்பளைங்க கெறங்கிப்போனாங்க. நெசவுக்காரங்க வயிறு எரிஞ்சாங்க. 1700-ல எறக்குமதிக்கே தடைச் சட்டம். அதுவும் பத்தலை. 1719-ல லண்டன் நெசவாளிங்க தெருவுல எறங்கி, சீட்டி உடுத்திப் போன பொம்பளைங்க துணியைக் கிழிச்சாங்க. 1721-ல உடுத்தவும் கூடாது, வீட்டுல தொங்கவிடவும் கூடாதுன்னு ஆச்சு. டேவிட் கேரிக்னு பேர்போன நாடக நடிகர் வீட்டுக் கட்டிலுக்குக் கல்கத்தாவுலேருந்து அன்பளிப்பா மசூலிப்பட்டினத்துத் துணி போச்சு. 1775-ல சுங்கக்காரன் புடிச்சு வச்சுக்கிட்டான். மனுசன் மேலிடத்துக்கு எழுதிக் கெஞ்சவேண்டியதாப் போச்சு. அந்தக் கட்டில் இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கு. போய்ப் பாரு, டிக்கெட் கெடையாது. கொல்லன் தெருவுல ஊசி விக்கிறவனைப் பாத்திருக்கோம். கொல்லன் மவனே ஊசி வாங்க லண்டனுக்குப் போறதை இப்பத்தான் பாக்குறேன்.

மத்ததும் இந்த லட்சணந்தான். மகோகனி மேசை? மரம் ஜமைக்காவுலயும் ஹோண்டுராஸ் கரையிலயும் வெட்டுனது. நம்ம துணிக்குப் பூட்டுப் போட்ட அதே 1721-லதான் அந்த மரத்துக்கு வரியையே எடுத்துட்டான், வெவரமான பய. அலமாரியில அடுக்குற நீலத் தட்டு சீனாக்காரனைப் பாத்து ஸ்டாஃபர்ட்ஷயர்க்காரன் போட்ட நகல். அதுல காதலர் ரெண்டு பேர் புறாவாப் பறக்குற சீனக் கதைன்னு விப்பான். கதையைக் கட்டுனதும் அவனேதான்.

பக்கவாட்டுல காது வச்ச நாற்காலி ஒண்ணு கேட்டியாமே, அந்தக் காது அழகுக்கு இல்லை. கணப்பு முன்னாடி உக்காந்தவன் முதுகுப்பக்கம் குளிர்காத்து அடிக்காம இருக்க வச்சது. ரேடியேட்டர் போட்ட வீட்டுல அதுல உக்காந்தா தூக்கந்தான் வரும். ஆனா அது ஒண்ணை மட்டும் வாங்கிக்க. நான் வந்தா எனக்கு ஆகும்.

சுவத்துக் காகித விசயத்துல வெளையாடாதே. 19-ம் நூற்றாண்டுப் பச்சைக் காகிதம் பலதுல ஆர்சனிக் கலந்த சாயம், நம்மூர் பாஷாணம். சுவத்துக் காகிதத்துக்குப் பூ வரைஞ்சு ஊரே கும்புடுற வில்லியம் மாரிஸே அந்தச் சரக்கெடுத்த டெவன் சுரங்கத்துல பங்குதாரர், இயக்குநரா வேற இருந்தார். பழைய சுவத்துல உள்ளடுக்குல பச்சை தெரிஞ்சா நகத்தை வச்சுச் சுரண்டாதே. தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டு.

மாடியில செங்கல் வச்சு அடைச்ச ஜன்னல் ஒண்ணு இருக்காம், அதை ஒடைச்சுத் தெறக்கப் போறியாம். 1696-லேருந்து 1851 வரைக்கும் அங்க ஜன்னலுக்கு வரி. அதுக்குப் பயந்து அடைச்சதோ, கட்டுனவனே அழகுக்கு அப்படி விட்டதோ. எதுவா இருந்தா என்ன, உன் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியல்ல இருக்கு. அனுமதி இல்லாம அதோட பழைய ஜன்னலையோ கணப்பையோ மாத்துனா அந்த நாட்டுல கிரிமினல் குத்தம். கொத்தனாருக்கு முன்பணம் குடுக்குறதுக்கு முன்னாடி கவுன்சிலுக்கு மனு எழுதிப் போடு, மாப்ளே.