அத்தானுக்கு ஜெர்மனி காட்டிய கதை

வெளிநாட்டில் படிக்கிறவர்களுக்கு அந்த நாட்டைப் பற்றி அதிகம் தெரியாது. வகுப்பறை தெரியும், நூலகம் தெரியும், எந்தக் கடையில் அரிசி மலிவு என்பது நன்றாகவே தெரியும். மற்றதெல்லாம் ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கி, "எங்கன கூட்டிட்டுப் போற?" என்று கேட்கும்போதுதான் தேடிப் பார்ப்போம். டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது என்னை அப்படிக் கேட்டவர் என் வீட்டுக்காரர். அத்தை மகன், ஆகவே எனக்கு அத்தான். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார்.

"ஏன் டிசம்பரில் வரச் சொன்னாய், கோடையில் வந்திருக்கலாமே" என்று விடுதியில் எல்லோரும் கேட்டார்கள். கோடையில் எங்கள் ஊர் மண்டிக்காரரை அசைக்க முடியாது. மாசி பிறந்து வெயில் ஏற ஏற எலுமிச்சை விலையும் ஏறும். பங்குனி, சித்திரையில் தன் கல்யாணமே என்றாலும் முகூர்த்தத்தை ஏலம் முடிந்த பிறகு வைக்கச் சொல்வார்கள். ஜூன், ஜூலையில் பக்கத்துக் குற்றாலத்தில் சீசன். சாரல் விழுந்ததும் சொந்தபந்தம் அத்தனையும் வந்து இறங்கும். மழையும் பனியுமான கார்த்திகை, மார்கழியில்தான் ஜூஸ் குடிக்க ஆள் இருக்காது, பழம் மலிந்து கிடக்கும், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பலாம். ஜெர்மனியின் பருவநிலையை அத்தான் பார்க்கவே இல்லை. எலுமிச்சையின் பருவநிலையைப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டார்.

விசாவுக்கு வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று கேட்ட காகிதமெல்லாம் வைத்தார். திரும்பி ஊருக்கு வருவார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், மண்டி வாசலில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவில் தான் நிற்கும் படத்தையும் சேர்த்து வைத்துவிட்டார். "இதை விட்டுட்டு எவனாவது அங்கனயே இருப்பானா?" என்பது அவர் வாதம். விசா வந்தது. படத்துக்காகத்தான் வந்தது என்று இன்றைக்கும் நம்புகிறார்.

திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் மாறி, டுசல்டார்ஃபில் வந்து இறங்கினார். தலையில் அத்தை கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லா. கோட்டை மாட்டுங்கள் என்றேன். "குத்தாலத்துச் சாரல்ல ஈரத்துண்டோட நின்னவன்ட்டி நான்" என்றார். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு ரயிலில் ஏறி உட்காரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியபோதும், "அந்தக் கோட்டு எங்கன இருக்கு?" என்றுதான் பேசினார்.

மறுநாள் சாயங்காலம் அடுத்த அதிர்ச்சி. "ஏட்டி, மணி நாலரைதான ஆகுது? அதுக்குள்ள பொழுது அடைஞ்சிட்டு!" புளியங்குடி 9 பாகை வடக்கில் இருக்கிறது, டோர்ட்முண்ட் 51 பாகைக்கும் மேலே. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இங்கே காலை எட்டரைக்குப் பிறகுதான் சூரியன் எழும், மாலை நாலரைக்கு முன்பே விழுந்துவிடும். எழுந்தது என்பதும் பஞ்சாங்கக் கணக்குதான். மேகத்துக்கு மேலே போய்ப் பார்த்தவர்கள்தான் சாட்சி சொல்ல வேண்டும். மொத்தப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அதில் பாதி அத்தானைக் கிளப்புவதில் போய்விடும். உள்ளே ஒன்று, அதன் மேல் ஒன்று, ஸ்வெட்டர், கோட்டு, கழுத்துத்துணி, குல்லா, இரண்டு காலுறை, பூட்ஸ் எல்லாம் ஏறி, கடைசியாகக் கையுறையையும் மாட்டிய பிறகு சொல்வார்: "ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருதேன்."

இருட்டில் எதைக் காட்டுவது? சட்டத்தைக் காட்டினேன். ஜெர்மனியில் குளிர்காலத்திலும் தெளிவாகத் தெரிவது அதுதான். ராத்திரி ஒன்பது மணி, நாலு திசையிலும் ஒரு வண்டி இல்லை, சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு மனிதன் எரிகிறான். அத்தான் பாட்டுக்கு இறங்கி நடக்கப் பார்த்தார். இழுத்துப் பிடித்தேன். அபராதம் 5 யூரோ, ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். தவிரவும், பெரியவர்கள் கடந்தால் அதைப் பார்த்துப் பிள்ளைகளும் கடக்கும் என்று முறைப்பார்கள். "இந்தக் குளிர்ல எந்தப் பிள்ளைட்டி முழிச்சிருந்து பாக்கப்போவுது?" என்று கேட்டாலும் நின்றார். பச்சை வரும்வரை நின்று கால் விறைத்துப் போனதுதான் மிச்சம்.

அறையில் வேறு சட்டம். எவ்வளவு குளிரானாலும் தினமும் சன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று விட வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதற்கு வாடகைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். "காசு குடுத்து அறையச் சூடாக்கி, சன்னலத் திறந்து அத வெளிய விடுதீங்க. இதுக்குப் படிப்பு வேறயா?" என்றார். அவர் கொண்டுவந்த தேங்காயெண்ணெயோ கல்லாக உறைந்து கிடந்தது. அறைக்குள் வெப்பக் குழாயின் மேல் வைத்து உருக்கிக்கொண்டிருக்கும்போது நான் சன்னலைத் திறந்துவிடுவேன். இதனால் எங்களுக்குள் வந்த சண்டைகளை இங்கே எழுத வேண்டாம்.

அவருக்கு முழு மனதோடு பிடித்த ஜெர்மன் ஏற்பாடு காலி பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். நாலு பாட்டில் ஒரு யூரோ என்று கணக்குப் போட்ட நிமிடத்திலிருந்து அத்தான் எந்த ஊரின் கட்டடத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குப்பைத்தொட்டிகளைத்தான் பார்த்து நடந்தார். அப்புறம் ரயில் நிலையத்தில் ஒரு வயசாளி தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாட்டில் தேடுவதைப் பார்த்தார். கையிலிருந்த பையை அப்படியே அவரிடம் நீட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம் எங்கள் பாட்டில்களையும் தொட்டிக்குப் பக்கத்தில், எடுக்கத் தோதாக வைத்துவிட்டு வந்தோம். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மளிகைக்கடைக்குக் கூட்டிப்போனதுதான் பயணத்தின் உச்சம். எலுமிச்சை அடுக்கிய இடத்தில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த மஞ்சள் பழம், வலைப்பையில். முகர்ந்தார், அமுக்கினார், நகத்தால் கீறப்போனதைத் தடுத்தேன். "இது நார்த்தங்காய்க்குத் தம்பி. எலுமிச்சைன்னு யார் சொன்னது?" பக்கத்தில் பிரேசிலிலிருந்து வந்த சின்னப் பச்சைக் காய் இருந்தது. அதைத்தான் நம்ம சாதி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பழுக்கவிடாமல் பறித்த பாவத்துக்கு யாரையோ திட்டினார். ஒரு காயின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். ஊரில் நாலரை மணி நேரம் முந்தி ஓடும் கடிகாரம், தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். "லேய், இங்கன ஒத்தையா விக்கிதாம்லே!"

வலைப்பையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மெழுகு பூசியது, கெடாமலிருக்க மருந்திட்டது, தோல் உண்ணத் தக்கதல்ல என்று படித்துச் சொன்னேன். அத்தான் முகம் மாறிவிட்டது. "தோலைத் திங்கக்கூடாதுன்னா இந்த நாட்டுல ஊறுகா எப்படிட்டி போடுதாங்க?" போடுவதில்லை என்றேன். அன்றோடு ஜெர்மனியின் மீது அவருக்கிருந்த மதிப்பு ஒரு படி இறங்கியது. பிற்பாடு கார்களைக் காட்டியும் அதை ஏற்ற முடியவில்லை.

டோர்ட்முண்ட் கிறிஸ்துமஸ் சந்தையில் 45 மீட்டர் உயர மரத்தைக் காட்டினேன். அது ஒரே மரமல்ல, நூற்றுக்கணக்கான ஊசியிலை மரங்களை இரும்புச் சாரத்தில் செருகி எழுப்புவது. "தென்காசிக் கோபுரம் இதைவிட ஒசரம்" என்று முடித்துவிட்டார். எனக்கு ரோசம் வந்து கொலோனுக்குக் கூட்டிப்போனேன். ரயில் தாமதம், எவ்வளவு என்று சொன்னால் நம்ம ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், சொல்ல மாட்டேன். பேராலயத்தின் உயரம் 157 மீட்டர். அத்தான் குல்லாவைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். 1248-இல் தொடங்கி 1880-இல்தான் முடித்தார்கள், நடுவே பல நூறு வருஷம் பாரந்தூக்கி ஒன்று அரைகுறைக் கோபுரத்தின் உச்சியிலேயே நின்றது என்று விளக்கினேன். தோற்பார் என்று பார்த்தால், "நம்ம கோபுரமும் மொட்டையாத்தான நின்னுச்சு, 1990-லதான கும்பாபிஷேகம்? அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுகதான்" என்று பேராலயத்தைச் சொந்தக்காரர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

வுப்பர்டாலில் 1901 முதல் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலில் ஏற்றினேன். 1950-இல் சர்க்கஸ்காரர்கள் விளம்பரத்துக்காக ஒரு யானைக்குட்டியை இதில் ஏற்ற, அது மிரண்டு சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்தது, கீறலோடு பிழைத்தது. சொல்லி முடித்ததும் அத்தான் எழுந்து கதவுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளி உட்கார்ந்தார். "யானைக்கு டிக்கெட் எடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஹாம் நகரத்துக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனபோதுதான் அவருக்கு ஊர் வந்த மாதிரி இருந்தது. தொழிற்சாலைப் பகுதிக்கு நடுவே 17 மீட்டர் கோபுரம். இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடத்தியது. பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா, "எவ்விடத்தில இருந்து வாறியள் தம்பி?" என்று கேட்டார். குற்றாலம் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான், "புளியங்குடிங்க. எலுமிச்சைக்குப் பேர்போன ஊரு" என்றார். வெளிநாட்டில் எங்கள் ஊரைக் குற்றாலத்தின் துணையில்லாமல் ஒருவர் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

டிசம்பரில் ஜெர்மனிக்கு ஆள் அழைக்கிறவர்களே, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. பாலும் முட்டையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். கையுறை மாட்டுவதற்கு முன்னால் கழிப்பறைக்கு அனுப்புங்கள். எலுமிச்சை வாங்கினால் 'பயோ', அதாவது இயற்கை விளைச்சல், என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதில் ஊறுகாய் போடலாம்.