ஒன்றும் செய்யாதுரை

திருநெல்வேலிப் பக்கம் செய்யாதுரை என்று ஒரு பெயர் உண்டு. என் வகுப்பிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பெயர் இங்கிலாந்திலும் வழக்கில் இருக்கிறது என்பது, லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே ஒரு பண்ணைக்காரரின் வயலில் கூடாரம் அடிக்கப் போனபோதுதான் தெரிந்தது. இங்கே அதை முழுசாகச் சொல்கிறார்கள்: ஒன்றும் செய்யாதுரை.

மே மாதக் கடைசித் திங்கள்கிழமை இங்கே விடுமுறை. சனிக்கிழமையே போய் இடம் பிடித்துவிட்டோம். குனிந்து முளை அடித்துக்கொண்டிருந்தேன். பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது. இந்த ஊரில் எது ஈரமாகப் பட்டாலும் முதலில் மழை என்றுதான் நினைக்கத் தோன்றும். திரும்பினால் மூக்கு. மூக்குக்குப் பின்னால் தேன் நிறச் சுருட்டை முடியோடு ஒரு நாய். நாய்க்கு இருபத்தைந்தடி பின்னால், கையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு மனிதர்.

“கவலைப்படாதீங்க, அவன் ஒன்றும் செய்யமாட்டான்!” என்று ராகம் போட்டுச் சொன்னார். இங்கே நாய் உயர்திணை. நமக்குத் தமிழ் ஐயா பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது அஃறிணை. ஆகவே என் காதில் “ஒன்றும் செய்யாது” என்றே விழுந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அது ஒன்றும் செய்யவில்லை, மூன்று செய்தது. முதலில் என் பிடரி. அடுத்தது, விரித்துப் போட்டிருந்த கூடாரத் துணியின் மேல் சேற்றுக் காலோடு ஒரு பிரதட்சணம். மூன்றாவதாக, நான் அப்போதுதான் அடித்து முடித்த முளையருகே போய் நின்று, முகர்ந்து, ஆழ்ந்து யோசித்து, பின்னங்காலைத் தூக்கியது.

“உங்களை அவனுக்குப் பிடிச்சிருக்கு” என்றார் செய்யாதுரை. எனக்கு அதைப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த இரண்டு நாளும் கேட்கவில்லை.

செய்யாதுரையைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டை. மழைச் சட்டைப் பையில் கையை விட்டால் நாய் பிஸ்கட் தூள், கறுப்புப் பிளாஸ்டிக் பை, ஒரு விசில் என்று வந்துகொண்டே இருக்கும். நீங்கள் அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அவருடைய நாய் உங்கள் காலை மிதித்தால், நீங்கள் நாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் இங்கத்திய மரியாதை.

நானும் சொன்னேன். “என்ன ஜாதி?” என்று கேட்டேன். ஊரில் கேட்கக் கூடாத கேள்வி. இங்கே நாயைப் பற்றி மட்டும் தாராளமாகக் கேட்கலாம். “காக்காப்பூ” என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் ஈரத் தரையில் பூக்கும் ஒரு சின்ன நீலப் பூவுக்கு அந்தப் பெயர். இங்கே அது காக்கர் ஸ்பானியலுக்கும் பூடிலுக்கும் பிறந்த கலப்பு. பெயர் ஆல்ஃபி. பூ மாதிரிதான் இருந்தது. பூவுக்குக் கால் முளைத்தால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை.

வாசலில் பண்ணைக்காரர் ஒரு பலகை வைத்திருந்தார். நாய் எந்நேரமும் கயிற்றில் இருக்க வேண்டும். கூடாரத்தில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. கழிவை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். இரவு பத்தரைக்கு மேல் சத்தம் ஆகாது. செய்யாதுரைக்கு இந்தப் பலகை மேல் அபாரமான பக்தி. ஒன்பது மணிக்கு என் மகள் போனில் பாட்டு வைத்தபோது, பத்தரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்று அன்போடு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கயிறு விதியையும் அவர் மீறவில்லை. அவரிடம் இருந்தது இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு. எட்டு மீட்டர் வரை போகும். ஒரு முனை அவர் கையில், மறுமுனை எங்கள் சமையல் சாமான்களுக்கு நடுவே. கைப்பிடியில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் கயிறு அங்கேயே நின்றுவிடும். அந்தப் பொத்தான் மேல் அவர் கட்டைவிரல் பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கையில்தான் தேநீர் இருந்தது.

உட்கார்ந்து புத்தகம் படிக்கும்போது மட்டும், தரையில் திருகி இறக்கும் ஒரு கம்பி முளையில் பத்து மீட்டர் கயிறு போட்டுக் கட்டுவார். பத்து மீட்டர் ஆரம் என்றால் பரப்பளவு முந்நூற்றுப் பதினான்கு சதுர மீட்டர். பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏறாத வட்டக் கணக்கு அன்று தெளிவாக ஏறியது, ஏனென்றால் எங்கள் கூடாரம், அடுப்பு, கழிப்பறைக்குப் போகும் பாதை எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தன. முளையடித்துக் கட்டினால் கயிறு நம் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும் என்பது, ஊரில் மாடு கட்டுகிற சின்னப் பையனுக்கும் தெரியும். அடுத்தவன் வயலில் மாடு வாய் வைத்தால் என்ன நடக்கும் என்று அவன் பார்த்திருக்கிறான்.

வாய் வைத்தது. ஞாயிறு காலை என் மனைவி உருளைக்கிழங்கு மசால் செய்து மூடி வைத்திருந்தாள். மூடி உருண்ட சத்தம் கேட்டு ஓடினால், ஆல்ஃபி மீசையெல்லாம் மஞ்சளாக நிற்கிறது. செய்யாதுரையும் ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் பெருந்தன்மையைத் தயார் செய்துகொண்டு நின்றேன்.

“அதுல வெங்காயம் இருக்கா?” என்றார்.

“வெங்காயம் இல்லாம மசாலா?” என்றாள் என் மனைவி.

அவர் முகம் வெளுத்துவிட்டது. நாய்க்கு வெங்காயம் விஷம், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சாக்லேட்டும் திராட்சையும்கூட விஷம்தான், இதையெல்லாம் நாய் மூக்குக்கு எட்டுகிற உயரத்தில் வைக்கலாமா என்று என்னிடமே கேட்டார். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார். ஒரு வாய்தான் என்பதால் பயமில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அவர் பெருமூச்சு விட, நான் என்னையறியாமல் “மன்னிச்சுக்குங்க” என்றேன். என் மசாலைத் தின்ற நாயிடம் மன்னிப்புக் கேட்ட வகையில் எனக்கு அன்று பிரிட்டிஷ் குடியுரிமை பூரணமானது.

நாயை அடக்கி வைக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. இந்த மலைகளில் மேய்வது ஹெர்ட்விக் ஆடு. பிறக்கும்போது கறுப்பு, வளர வளர நரைக்கும். மே மாதத்தில் தாய்க்குப் பக்கத்தில் குட்டி நிற்கும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொதுமக்கள் நடமாடும் மலை வெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்க்கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆடுமாடு பக்கத்தில் இருந்தால் ஆண்டு முழுவதும் அதே அளவு. நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே சினையாடு குட்டியைப் பறிகொடுக்கும். வேறு வழியில்லாமல் பண்ணைக்காரர் அந்த நாயைச் சுட்டுவிட்டால், 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்லிவிட்டாரானால், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

மனிதர்களுக்கும் ஒன்று இருக்கிறது, 1991-இல் வந்தது. நாய் காயப்படுத்திவிடும் என்று ஒருவர் அஞ்ச நியாயமான காரணம் இருந்தாலே, அது கட்டுமீறிய நாய் என்று கொள்ளலாம். அதாவது சட்டம் நாயின் பல்லை எண்ணுவதில்லை, என் முகத்தைப் பார்க்கிறது. செய்யாதுரை மட்டும்தான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஏன் பார்ப்பதில்லை என்று யோசித்தேன். இந்த நாட்டு நாய்களிடம் வெறிநோய் 1922-லேயே ஒழிந்துவிட்டது. செய்யாதுரையின் தாத்தா காலத்திலிருந்து நாய் என்றால் மிஞ்சிப்போனால் கால்சட்டையில் சேறு. நான் வளர்ந்தது தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற காலத்தில். தெருமுனையில் நாய் தும்மினால் எனக்கு இன்றும் தொப்புள் கூசும். அவர் “ஒன்றும் செய்யாது” என்னும்போது சேற்றை நினைக்கிறார். நான் ஊசியை நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆல்ஃபி எப்படியோ கயிற்றை உருவிக்கொண்டு காணாமல் போகும். அப்போது செய்யாதுரை கூப்பிடும் அழகைக் கேட்க வேண்டும். முதலில் “ஆல்ஃபி…” என்று தாலாட்டு. அடுத்து “ஆல்ஃபி, வா” என்று வேண்டுகோள். பிறகு பிஸ்கட் உறையைச் சரசரக்கிற சத்தம். பிறகு விசில். கடைசியில் முழுப் பெயரும் குடும்பப் பெயரும் சேர்த்து ஒரு கர்ஜனை. இருபது தடவை கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்று ஆல்ஃபி கணக்கு வைத்திருந்தது. வந்ததும் செமத்தியாகத் திட்டு விழும். அதிலிருந்து அது கற்ற பாடமும் தெளிவானது: திரும்பி வந்தால் திட்டுவார்கள், ஆகவே நிதானமாகவே வருவோம்.

நாய்க் கழிவை அவர் தவறாமல் பையில் அள்ளி முடிச்சுப் போடுவார். நல்ல பழக்கம். ஆனால் தொட்டி வயலின் அந்தக் கோடியில். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பையை வேலியோர மரக்கிளையில் தொங்கவிடுவார். வேறு வழியாகத் திரும்புவார். ஊரில் கோயில் மரத்தில் பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுவது போல, மூன்றாம் நாள் அந்த மரத்தில் கறுப்புப் பைகள் காற்றில் ஆடின. வேண்டுதல் என்னவென்றுதான் தெரியவில்லை.

அதே வயலில் ஒரு பாட்டியம்மாவும் இருந்தார். அவருடைய கறுப்பு வெள்ளை கோலி இன நாய், மடித்த கம்பளியில் படுத்தபடியே ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்த அன்றே எங்களிடம், “நாய் இந்தப் பக்கம் இருந்தா உங்களுக்குச் சரிதானே?” என்று கேட்டார். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் போட்டு, அந்தக் கம்பளியில் படுத்தால் தின்பண்டம் என்று பழக்கிவிட்டாராம். புது இடம் வந்தாலும் நாய்க்கு அந்தக் கம்பளிதான் வீடு. நாய்க்கயிற்றில் ஒரு மஞ்சள் ரிப்பன். இது கூச்ச சுபாவம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அர்த்தமாம்.

“நாமும் ஒன்று வாங்கி என் கையில் கட்டிக்கிடலாமா?” என்றேன் மனைவியிடம்.

“நான் மஞ்சக் கயிறு கட்டி இருபது வருசமாச்சு. தள்ளி நில்லுன்னு ஒருத்தருக்கும் புரியல” என்றாள்.

திங்கள் காலை. சாரத்தோடு பல் விளக்கிவிட்டு வந்துகொண்டிருந்தேன். குளியலறைக் கட்டடத்துக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. “ரெண்டே நிமிஷம்” என்று செய்யாதுரை அந்தக் கைப்பிடியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆல்ஃபி என்னை அண்ணாந்து பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து நாலு கூடாரம் தள்ளி யாரோ சாஸேஜை வாணலியில் போட்டார்கள்.

கயிறு கர்ரென்று கழன்றது. எட்டு மீட்டர் முடிவதற்குள் நானும் கிளம்பினேன். ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் சாரம். எதிரே ஒரு இளம் தம்பதி, தட்டோடு ஒரு குழந்தை. அந்தப் பெண் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகப் பழகியது. இரண்டு நாளாக என் முகத்தில் இருந்தது. சிரிக்க முயன்றேன். வாய் தானாகத் திறந்தது.

“பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது!”

தமிழில்தான் வந்தது. அந்தச் சொல் வயிற்றிலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்று அப்போது தெரிந்தது. எதிரில் நிற்பவருக்குச் சொல்கிற உத்தரவாதம் அது இல்லை. இழுபட்டுக்கொண்டு போகிறவன் நாயின் காதில் விழட்டும் என்று வைக்கிற வேண்டுதல். பாவம் செய்யாதுரை, வருஷக்கணக்காக அதைத்தான் இருபத்தைந்தடி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆல்ஃபி மட்டும்தான் ஒருநாளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாணலிக்கு ஒரு முழம் முன்னால் என் கட்டைவிரல் எதன் மேலோ பட்டது. கயிறு நின்றது. நாயும் நின்றது. இவ்வளவுதானா, என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே செய்யாதுரை வந்தார். “ஒன்றும் செய்யலையே?” என்றார்.

குழந்தையின் தட்டு கவிழ்ந்து கிடந்தது. ஒரு நாற்காலி மல்லாந்திருந்தது. அந்தத் தம்பதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒன்றும் செய்யல” என்றேன், சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டே.