இராசதானியின் காவலர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம்

கண்டி நகரப் போக்குவரத்துக்குப் பொறுப்பான பெரியோர்களுக்கு,

திகனயிலிருந்து பேராதனைக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமாக மட்டுமல்ல, நேரத்துக்கும் இருப்பீர்கள். முன்னால் சைரன் போகிறதே.

பஸ்ஸில் எல்லோரும் உங்களைத்தான் ஏசுகிறார்கள். சரித்திரம் படிக்காத சனம். கண்டி அரசர்கள் பாதையை அகலப்படுத்த விட்டதில்லை, காட்டை வெட்ட விட்டதில்லை. ஒற்றையடிப் பாதை, இடையிடையே முள் கடவை. இங்கே கைதியாகக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். எதிரி சுலபமாக உள்ளே வரக் கூடாதாம். 1815இல் கைநழுவிய அந்தப் பாதுகாப்பை, துப்பாக்கி தூக்காமலே மீட்டுத் தந்தவர்கள் நீங்கள்.

1638இல் போர்த்துக்கேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது இரண்டாம் இராஜசிங்கன் தடுக்கவில்லை. வெறுமையான நகரைப் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பும்போதுதான் கன்னொறுவையில் வளைத்தான். பின்னேரம் கெட்டம்பேயில் பஸ் நகராமல் நிற்கையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையைப் பார்த்து உங்கள் வித்தையை வியப்பேன். அவன் திரும்பும்போது மட்டுமே மடக்கினான். நீங்கள் காலையிலும் மடக்குகிறீர்கள்.

மலைகளையும் மூன்று பக்கம் மகாவலியையும் இயற்கை தந்தது. மிச்சம் உங்கள் கைவண்ணம். நகரத்துக்குள் காணி வாங்க வக்கில்லாமல் நாங்கள் குண்டசாலை, திகன என்று ஒதுங்கினோம். கந்தோர், ஆஸ்பத்திரி, பெரிய பாடசாலை எல்லாம் நகரத்தோடேயே இருக்கட்டும் என்று நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஏழரை மணிக்குப் பாடசாலை மணி அடிக்கும் முன் கண்டியின் வேன்களெல்லாம் குளத்தைச் சுற்றி வந்தாக வேண்டும். பாடசாலை விடுமுறையில் அதே வீதியில் பஸ் பறக்கிறது. அப்படியென்றால் வீதியில் மட்டும் குற்றமில்லை என்று பக்கத்து ஆசன ஐயா சொன்னார். தேசத்துரோகி.

எனக்குக் கண்டியில் வேலையே இல்லை. தென்னக்கும்புர பாலம் தாண்டிப் பேராதனைக்குப் போக வேண்டியவன் நான். ஆனாலும் நகரத்துக்குள் வந்து, இறங்கி, அடுத்த பஸ் நிலையத்துக்கு நடந்து, கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்க) என்று கத்தக் கத்த நெருங்கி நின்றுதான் போக வேண்டும். 1998 குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னால் வாகனம் ஓடுவதில்லை. அது நியாயம், குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஈடாக ஒரு வழி திறக்க இத்தனை வருஷம் போதவில்லையா என்று கேட்பவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

சுதுஹும்பொலையிலிருந்து தென்னக்கும்புரவுக்குச் சுரங்கப்பாதை என்ற பேச்சு இருந்ததே, அதைக் கடதாசியோடு நிறுத்தியது மகா புத்திசாலித்தனம். மலையைக் குடைகிறவன் கையில்தான் இந்த இராச்சியம் விழும் என்பது பழைய ஐதீகம். வெள்ளைக்காரன் கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வீதி போட்டான், நாம் பட்டோம். அதிவேகப் பாதையும் 2022இல் மீரிகமவிலிருந்து குருநாகல் வரை திறந்தது, கண்டிக்கு வரவில்லை. காவல் பலமாகத்தான் இருக்கிறது.

ஒரேயொரு விண்ணப்பம். நொக்ஸ் 19 வருஷத்துக்குப் பிறகு 1679இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது கால்நடையாக. எங்களுக்கும் அந்த வழியாவது மிஞ்சட்டும். நடைபாதையில் நிறுத்தியிருக்கும் வாகனங்களைக் கொஞ்சம் எடுக்கச் சொல்வீர்களா?

இப்படிக்கு,
பின்கதவு மிதிபலகையிலிருந்து,
தங்கள் விசுவாசமுள்ள குடிமகன்