கடைந்தெடுத்த கலைஞர்

தமிழில் ஒருவரைக் ‘கடைந்தெடுத்த’ என்று சொல்ல ஆரம்பித்தால், அடுத்து வருவது முட்டாளாகவோ அயோக்கியனாகவோதான் இருக்கும். இந்த வழக்கை உண்டாக்கியவர்கள் மரம் கடையும் கலைஞர்களோடு ஒரு கோடையைக் கழித்ததில்லை. கழித்திருந்தால் மூன்றாவதாகப் பைத்தியத்தையும் சேர்த்திருப்பார்கள்.

இந்தப் பைத்தியம் முற்றுகிற ஊர் ஃபிலடெல்ஃபியா. அங்கே பழைய நகரப் பகுதியில் மூன்றாம் தெருவில் மரக்கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1986இல் மரக் கடைசல் மையமாகப் பிறந்தது. 1995இல் அது ஒரு காரியம் தொடங்கியது: பல நாட்டுக் கடைசல்காரர்களைக் கோடையில் வரவழைத்து, இரண்டு மாதம் சேர்த்துத் தங்கவைத்து, ‘இஷ்டம்போல் கடையுங்கள்’ என்று விட்டுவிடுவது. கூடவே ஓர் ஆய்வாளரும் ஒரு புகைப்படக்காரரும் உண்டு. ‘ஏன் கடைகிறீர்கள்?’ என்று கேட்பதற்கு முன்னவர். கேள்வி புரியாமல் இவர்கள் விழிப்பதைப் படமெடுக்கப் பின்னவர்.

இப்படி வந்து சேரும் நம் கடைசல்காரரை அடையாளம் காண்பது எளிது. தாடியில், சட்டைப்பையில், காலுறைக்குள், சில சமயம் காப்பிக் கோப்பையில்கூட மரச்சீவல் இருக்கும். மனிதரை ஒரு தடவை உதறினால் வெந்நீர் அடுப்பு மூட்டலாம். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் காலைத் தடவிப் பார்ப்பார். உணவகத்தில் மரக்கிண்ணத்தில் சாலட் வந்தால், கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். கடையும்போது இயந்திரத்தில் எதைப் பிடித்து மாட்டினார்கள் என்ற ரகசியம் அடியில்தானே இருக்கிறது! சாலட்டைச் சாப்பிட்டு முடித்த பிறகு கவிழ்த்தால் அன்று அவர் நிதானத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்கு வந்துவிடுவார். கடையத் தொடங்கப் பதினொன்றாகும். நடுவில் இருப்பது உளி தீட்டும் நேரம். ஒருவர் உளிமுனை 40 டிகிரி என்பார், இன்னொருவர் 55 என்பார், மூன்றாமவர் இருவரையும் இரக்கத்தோடு பார்ப்பார். ரசத்தில் பூண்டு போடலாமா கூடாதா என்று பிரிந்த குடும்பங்களை நான் அறிவேன். இவர்கள் அவர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை.

பிறகு இயந்திரம் சுழலும். வெட்டிச் சில நாளே ஆன பச்சை மரமாக இருந்தால், சுழலும் வேகத்தில் ஈரம் தெறித்து முகக்கவசம் முழுக்கத் தூறல். சுருள் சுருளாகச் சீவல் தோளுக்கு மேல் பறக்க, மனிதர் முகத்தில் ஒரு பேரானந்தம். அது ‘டமார்’ என்ற சத்தத்தோடு முடியும். உளி மரத்தில் சிக்கிக்கொண்டது. அந்த நொடியில் பட்டறையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதுதான் அங்கே மரியாதை. கொஞ்சம் பொறுத்து அவரே அறிவிப்பார்: “வடிவத்தை மாற்றிக்கொண்டேன்.” காலையில் பெரிய கிண்ணமாகத் தொடங்கியது மத்தியானம் சின்னக் கிண்ணமாகி, சாயங்காலம் பம்பரமாகியிருக்கும். ஊரில் என்றால் அடுப்புக்குப் போகும். இங்கே அதைக் கருக்கி, பிளந்து, கம்பியால் தைத்து, ‘இல்லாமை – 3’ என்று பெயர் வைப்பார். அழகாகவும் இருந்து தொலைக்கும்.

சாயங்காலம் மரவேட்டை. புயல் அடித்தால் ஊரார் மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் எந்தத் தெருவில் எது விழுந்தது என்று விசாரிப்பார். மரகதப் பச்சையில் ஒரு வண்டு, ஆசியாவிலிருந்து வந்தது, அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடேயே வெட்டிப்போட்ட கட்டைகளில் எது பெரிது என்று அளந்துகொண்டிருப்பார். நாம் உளுத்துப்போனது என்று வீசுகிற மரம் அவருக்குப் புதையல். பூஞ்சை பிடித்த மேப்பிள் கட்டையில் மைக்கோடு போட்டதுபோல் கறுப்பு வரிகள் ஓடும். அதற்காகக் கட்டையை ஈரத்தில் போட்டு அழுகும்வரை காத்திருப்பவர்களும் உண்டு. சரியாகப் பாதி அழுகலில் எடுத்துவிடவேண்டும். மாவு புளிக்கவைக்கிறவர்களுக்குப் புரியும்.

அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றே ஒன்று. நான் அதைத்தான் கேட்டேன். பந்து மாதிரி உருண்டையான ஒரு கலம். உச்சியில் விரல் நுழையும் அளவு துவாரம். அதன் வழியே வளைந்த உளியை விட்டு, உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், சத்தத்தை வைத்தே சுவரை முட்டை ஓடு போல மெலிதாக்கியிருந்தார். டேவிட் எல்ஸ்வொர்த் என்ற கடைசல் கலைஞர் பேர்பெற்ற வித்தை அது. அந்தப் பெயரைச் சொல்லும்போது இவர் குரல் ஒரு கட்டை இறங்கும். கையில் வாங்கினால் கனமே இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

“இதில் என்ன போட்டு வைக்கலாம்?”

மனிதர் மௌனமாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது: வருஷத்தில் பத்து மாதம் அவர் கடைவது மாடிப்படித் தூணும் மிளகு அரைக்கும் குடுவையும்தான். ஒன்றுக்கும் உதவாத ஒன்றைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாத இரண்டு மாதம் இது. அதில் நான் போய் உப்புப் புளி வைக்க இடம் தேடியிருக்கிறேன்.

கோடை முடிவில் கண்காட்சி. அதன் பிறகு பெட்டி கட்டும் படலம். பட்டையோடு இருக்கும் கட்டையைச் சுங்கத்தில் விடமாட்டார்கள் என்பதால், சொத்துப் பிரிப்பது போல் கட்டைகளைப் பங்குபோட்டுக் கொடுத்தார். செர்ரி பெரியது உள்ளூர்க்காரருக்கு. வால்நட் கவட்டை மாணவருக்கு. எனக்குக் கட்டையைக் கொடுத்துப் பயனில்லை என்று பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் ஒன்று. பக்கவாட்டில் வேண்டுமென்றே மூன்று ஓட்டை.

பச்சை மரம் காயக் காயக் கோணும். வட்டமாக வந்த கிண்ணம் மூன்றாம் வாரம் நீள்வட்டமாகி, மேசைமேல் தொட்டால் தொட்டில் மாதிரி ஆடியது. போன மாதம் அவரிடமிருந்து கடிதம். எவ்வளவு கோணியிருக்கிறது, அளந்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அளந்து எழுதினேன்.

அதில் பூண்டு போட்டு வைத்திருப்பதை எழுதவில்லை. ஓட்டை வழியே காற்றுப் போவதால் முளைவிடாமல் இருக்கிறது.