வளைந்து கொடுத்த கிழி

அறம், உண்மை, மனித இயல்பு என்று சிந்தனையாளர்கள் கூடிப் பேசுவது வ. புதுப்பட்டிப் பக்கத்தில் ஒன்றும் புதிதல்ல. அருகே ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்திருந்த விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வாரே அப்படியொரு கூட்டத்துக்குப் போனவர்தான். பரம்பொருள் எதுவென்று நிறுவுகிறவருக்குப் பொற்கிழி என்று பாண்டியன் வல்லபதேவன் அறிவிக்க, மதுரையில் பண்டிதர்கள் குவிந்தார்கள் என்கிறது வைணவ மரபு. தீர்ப்புச் சொல்ல நடுவர் குழு தேவைப்படவில்லை. கட்டித் தொங்கவிட்ட கிழியே அவர் கைக்கு வளைந்து வந்ததாம். இன்றைக்கும் கிழி வளையும். முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மணிமேகலை 27ஆம் காதையில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகளை வரிசையாகக் கேட்கிறாள். பதிவுக் கட்டணம் கிடையாது, பை கிடையாது, சான்றிதழ் கிடையாது. எப்படித்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்தாளோ! நம் கருத்தரங்கில் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதி அரங்கம் வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு எழுந்துவிடும். மனித இயல்பு பற்றிய அமர்வை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் வைப்பார்கள். மனித இயல்பு தெரிந்தவர்கள் அப்படிச் செய்வார்களா? அறம் பேச வந்தவர் பயணப்படியை முதல் வகுப்புக்குக் கேட்பார். உண்மை பற்றிய கட்டுரை, நேரமின்மை காரணமாக, வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்படும்.

வென்று யானைமேல் வந்த பெரியாழ்வார் பெருமாளுக்கே பல்லாண்டு பாடினார். இப்போது அதைச் செலவை ஏற்ற தொழிலதிபருக்குப் பாடுகிறார்கள். வரவேற்புரையில் ஒருமுறை, நன்றியுரையில் மறுபடி.